பக்கற்றின் பின்பக்கம்

வவுனியா–மன்னார் வீதியிலுள்ள நெளுக்குளம் போன்ற குளக்கிராமங்களுக்கு உணவு லேபல் பழைய சங்கதி அல்ல. 1942இல் பங்கீடு தொடங்கிய பிறகு நீண்ட காலம் அரிசியும் மாவும் சீனியும் சங்கக்கடைச் சாக்கிலிருந்து தராசுக்கு வந்தன; தராசிலிருந்து கடதாசிச் சுருளுக்குப் போயின. அங்கே எழுத்துக்கு வேலை இருக்கவில்லை. பருப்பை அள்ளிப் பார்க்கலாம், மாவை முகர்ந்து பார்க்கலாம், சந்தேகம் வந்தால் மனேச்சரையே கேட்கலாம். பக்கற் வந்ததும் கண்ணுக்கும் மூக்குக்கும் கைக்கும் வழி அடைபட்டது. உள்ளே இருப்பதைச் சொல்ல எழுத்து ஒன்றே மிஞ்சியது. அந்த எழுத்து வாங்குபவரின் மொழியில் இல்லையென்றால், பழைய சோதனை வழியும் போய்ப் புதியதும் கிடைக்காத நிலையில் அவர் நிற்கிறார்.

சட்டம் பக்கற்றைக் கவனித்தது. மொழியை அந்த அளவுக்குக் கவனிக்கவில்லை. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியானது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் நிறைவேறியபோதும் தமிழ் தேசிய மொழியாக மட்டுமே இருந்தது. அரசகரும மொழி என்ற இடம் அதற்கு 1987இல், 13ஆவது திருத்தத்தோடுதான் கிடைத்தது. இத்தனைக்கும் லேபலின் மொழி உயிரோடு தொடர்புடையது என்பதை உலகம் அதற்கு முன்பே ஏற்றுக்கொண்டிருந்தது. குழந்தைப் பால்மாவில் தண்ணீரைக் கூட்டிக் கரைத்தால் பிள்ளை மெலியும். மாவைக் கூட்டினால் சிறுநீரகம் பாடுபடும். அசுத்தமான தண்ணீரில் கரைத்தால் வயிற்றோட்டம் வரும். எத்தனை கரண்டி, எவ்வளவு கொதித்தாறிய நீர் என்பதைத் தாய் வாசித்து விளங்கியாக வேண்டும். அதனால்தான் 1981இல் உலக சுகாதார அமைப்பு ஏற்ற பால்மாச் சந்தைப்படுத்தல் கோவை, டின்னிலுள்ள அறிவித்தல் பொருத்தமான மொழியில், எளிதில் விளங்கும்படி இருக்கவேண்டும் என்றது. பால்மா டின்னுக்குப் பொருந்தும் நியாயம் பிஸ்கற்றுக்கும் சோடாவுக்கும் ஏன் பொருந்தாது?

நிறம் போதுமே என்பார்கள். 2016 ஓகஸ்ட்டில் இனிப்புப் பானங்களுக்கு நிறக் குறியீடு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. நல்ல ஏற்பாடு, எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் உதவும். ஆனால் 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனியுள்ள பானத்துக்கும் செம்மஞ்சள்தான். அதில் 400 மில்லிலீற்றர்ப் போத்தலைக் குடித்து முடித்தால் 40 கிராம், ஏறத்தாழ எட்டுத் தேக்கரண்டி சீனி உள்ளே போகிறது. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. நிறம் கண்ணைத் திருப்பும், கணக்கைச் சொல்லாது. நிலக்கடலை ஒவ்வாத பிள்ளைக்கு அது எதையுமே சொல்லாது.

இன்னொரு மறுப்பு வலுவானது: சனம் லேபலை வாசிப்பதில்லை, விலையைத்தான் பார்க்கிறது. விலையைப் பார்ப்பது உண்மை. காலாவதித் திகதியையும் பார்க்கிறார்கள். இரண்டும் இலக்கங்கள், எந்த மொழிக்காரரும் வாசிக்கக்கூடியவை. ஆகவே மக்கள் வாசிக்கத்தான் செய்கிறார்கள், வாசிக்க முடிந்ததை வாசிக்கிறார்கள். கிளினிக்கில் “சீனியைக் குறையுங்கோ” என்று தமிழில் கேட்டுவிட்டு வரும் நீரிழிவு நோயாளி, பக்கற்றின் பின்பக்கத்தில் பொடி ஆங்கிலத்தில் சுக்ரோஸ், குளுக்கோஸ் சிரப், மோல்டோடெக்ஸ்ட்ரின் என்றிருப்பதைக் கண்டு என்ன செய்வார்? உள்ளடக்கப் பட்டியல் எடை கூடியதிலிருந்து குறைந்தது வரை அடுக்கப்படுகிறது. மாவுக்கு அடுத்து சீனி நிற்கிறது என்பதைத் தமிழில் கண்டால் அவருக்கு வேறு விளக்கமே தேவையில்லை.

செலவு கூடும் என்று உற்பத்தியாளர் சொல்லக்கூடும். விளம்பரத்துக்கு வன்னியில் அழகான தமிழ் கிடைக்கிறது. பக்கற்றின் முன்பக்கத்துப் பெயருக்கும் கிடைக்கிறது. இறக்குமதிப் பொருளில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் தனி ஸ்டிக்கராக ஒட்டப்படுகின்றன. அதே ஸ்டிக்கரில் நாலு வரித் தமிழ் சேர்ப்பது பெரிய செலவல்ல. திகதி கடந்த பக்கற்றைத் தேடிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்கடையாகப் போகிறார். உள்ளடக்கம் தமிழில் இல்லாத பக்கற்றையும் அவர் அதே கண்டிப்போடு தட்டிலிருந்து இறக்கவேண்டும்.