ராஜ்கிர் வெந்நீரும் சீனத்து வெந்நீரும்

காசி, கயா யாத்திரை போய் வந்தவர்கள் நம் மோகனூர்ப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். கயாவில் பிண்டம் போட்டுவிட்டுப் புத்தகயாவையும் பார்த்திருப்பார்கள். அங்கிருந்து பஸ்ஸில் இரண்டு, இரண்டரை மணி நேரத் தொலைவில் உள்ள ராஜ்கிருக்குப் போனவர்கள் குறைவு. ராஜகிருகம் என்று புராணங்களில் வருவது அதுதான். மகத நாட்டின் பழைய தலைநகரம். சுற்றிலும் மலைகள். வைபார மலையின் அடிவாரத்தில் பூமியிலிருந்து வெந்நீர் வந்துகொண்டே இருக்கிறது. சப்ததாரா என்ற இடத்தில் சுவரில் பதித்த கல் வாய்கள் வழியாகக் கொட்டும். அதன் கீழ் ஜனங்கள் நெருக்கியடித்துக் குளிப்பார்கள். பக்கத்தில் உள்ள பிரம்மகுண்டம்தான் எல்லாவற்றிலும் சூடு அதிகம், ஏறத்தாழ 45 டிகிரி. காவிரியில் முழுகிப் பழகிய நமக்கு முதலில் காலை வைத்ததும் சுரீர் என்றுதான் இருக்கும்.

இந்த இடத்தைப் பற்றி எழுதிவைத்த பழைய வெளிநாட்டார்களில் முக்கியமானவர் யுவான் சுவாங். காஞ்சிபுரம் வரை வந்தவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஏழாம் நூற்றாண்டில் வந்து நாளந்தாவில் தங்கிப் படித்தவர். நாளந்தாவிலிருந்து ராஜ்கிர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அவருடைய பிரயாண நூலை ஸ்தனிஸ்லாஸ் ழுலியேன் என்பவர் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1857, 58-ல் பாரிசில் வெளியிட்டார். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆதலால் அந்த மொழிபெயர்ப்பில்தான் அவரைப் படித்தேன். பிறகு கன்னிங்ஹாம் துரை வடநாட்டில் பழைய பௌத்த இடங்களைத் தேடி அலைந்தபோது அவருக்கு வழிகாட்டியாக இருந்ததும் இந்தப் பிரெஞ்சு மொழிபெயர்ப்புதான்.

யுவான் சுவாங் சொல்வதன் சாரம் இது. முன்காலத்தில் அங்கே ஐந்நூறு ஊற்றுகள் இருந்ததாக ஊரார் சொன்னார்களாம். அவர் போன சமயம் மிஞ்சியிருந்தது பத்து போலத்தான். அவற்றில் சில வெதுவெதுப்பு, சில குளிர்ச்சி, சுடுகிற ஊற்று ஒன்றும் இல்லை என்கிறார். பிரம்மகுண்டத்தில் கால் வைத்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்! இமயத்துக்கு அப்பால் உள்ள அனவதப்த ஏரியிலிருந்து தண்ணீர் பூமிக்குள் ஓடிவருகிறது, வழியில் சிறு நரகங்களின் நெருப்பில் சூடேறுகிறது என்று காரணமும் எழுதியிருக்கிறார். ஊற்று வாய்களில் சிங்க முகமும் வெள்ளை யானை முகமும் செதுக்கியிருந்தன, பல தேசத்து ஜனங்களும் வந்து குளித்தார்கள், நோயாளிகள் பலர் குணமானார்கள் என்றும் அவர் எழுதுகிறார்.

அவருக்கு ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கதை ஒன்று பௌத்தர்களின் விநய பிடகத்தில் இருக்கிறது. பிம்பிசார மகாராஜா தலை முழுக இந்த ஊற்றுக்கு வந்தார். பிக்ஷுக்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். ‘ஐயர்கள் குளித்து முடிக்கட்டும்’ என்று ராஜா ஒதுங்கி நின்றார். அவர்களோ இருட்டும் வரை கரையேறவில்லை. ராஜா குளித்துவிட்டுத் திரும்புவதற்குள் கோட்டைக் கதவைச் சாத்திவிட்டார்கள். சொந்தத் தலைநகரின் வாசலுக்கு வெளியே ராத்திரியைக் கழித்துவிட்டு, விடிந்ததும் புத்தரைப் பார்க்கப் போனார். ‘இத்தனை சீக்கிரம் எங்கே?’ என்று புத்தர் விசாரிக்க, விஷயம் வெளியே வந்தது. அதன்பின்தான் பிக்ஷுக்கள் பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் குளிக்கலாம் என்று விதி ஏற்பட்டது. கோடை, நோய், பிரயாணம் என்று விலக்குகளைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். அரசாங்க உத்தரவுகளைப் பைல் கட்டிப் பழகிய எனக்கு இந்தத் திருத்தங்களைப் படிக்கச் சிரிப்பு வந்தது.

சீனத்தில் நடந்தது வேறு மாதிரி. சியான் நகருக்கு (அந்நாளைய சாங்கான்) கிழக்கே முப்பது கிலோமீட்டர் போல, லீஷான் மலையடியில், ஏறத்தாழ 43 டிகிரியில் வெந்நீர் ஊறுகிறது. சக்கரவர்த்தி தைசோங் 644-ல் அங்கே அரண்மனை கட்டினார். மறு வருஷம் யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து ஏட்டுச் சுவடிகளோடு திரும்பியது இந்தச் சக்கரவர்த்தியிடம்தான். அந்த வெந்நீரைப் புகழ்ந்து தைசோங் தன் கையால் எழுதிய சாசனம் கல்லில் வெட்டப்பட்டது. கல் போய்விட்டது. அதன் மேல் காகிதம் ஒற்றி எடுத்த பிரதி ஒன்று துன்ஹுவாங் குகையில் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் போல் பெலியோ 1908-ல் அங்கே வாங்கிய சுவடிகளோடு அதுவும் பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

தைசோங்குக்குப் பின் வந்த சுவான்சோங் (பெயர் ஒலியைக் கொண்டு நம் யாத்திரிகரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) அந்த இடத்தை ஹுவாச்சிங் அரண்மனை என்று பெரிதாக்கினார். குளிர்காலம் முழுக்க யாங் குய்பெய் என்ற காதலியோடு அங்கேதான் வாசம். 755-ல் ஆன் லுஷான் என்ற தளபதி கலகம் செய்தான் என்ற செய்தி வந்தபோதும் அவர் அங்கேதான் இருந்தார். மறு வருஷம் தலைநகரை விட்டு ஓடும் வழியில் சொந்தப் படையே பிடிவாதம் பிடித்து அந்தப் பெண்ணைக் கொல்ல வைத்தது. 1982-ல் தோண்டத் தொடங்கியபோது அவர்கள் குளித்த கல் தொட்டிகள் வெளிப்பட்டன. சக்கரவர்த்திக்குத் தாமரை வடிவம், அவளுக்குச் சிறிதாக ஒரு பூ வடிவம். தனித்தனித் தொட்டி, சுற்றிலும் மதில், காவல்.

அதே இடத்தில் 1936 டிசம்பர் 12 விடியற்காலை சியாங் கை-ஷேக் தங்கியிருந்தார். அவருடைய தளபதி ஜாங் சுயேலியாங்கின் ஆட்கள் சுட்டுக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். அவர் இரவு உடையோடு மதில் ஏறிக் குதித்து மலைக்கு ஓடிப் பிடிபட்டார். ஜப்பானை எதிர்க்கக் கம்யூனிஸ்டுகளோடு சேர வேண்டும் என்பதுதான் தளபதியின் கோரிக்கை. குண்டு பாய்ந்த ஜன்னல்களை இன்றும் காட்டுகிறார்கள். இப்போது அது டிக்கெட் வாங்கிப் பார்க்கும் மியூசியம். பழைய தொட்டிகள் காய்ந்து கிடக்கின்றன.

ராஜ்கிரில் மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் வரும் மலமாதத்தில் ஒரு மாத மேளா நடக்கும். லட்சக்கணக்கில் ஜனங்கள் குளிப்பார்கள். சற்றுத் தள்ளி, மக்தூம் ஷரஃபுத்தீன் என்ற சூஃபிப் பெரியவர் தவம் செய்த இடத்தில் மக்தூம் குண்டம். முஸ்லிம்கள் அங்கே குளிக்கிறார்கள். பூமிக்கடியில் எல்லாம் ஒரே தண்ணீர்தான்.

அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. எரிமலை எதுவும் அங்கே இல்லை. மலையில் பெய்த மழை பாறை வெடிப்புகளில் இறங்குகிறது. கிலோமீட்டருக்கு 25, 30 டிகிரி வீதம் பூமிக்குள் சூடு ஏறும். ஆழத்தில் சூடான தண்ணீர் வேறொரு பிளவு வழியாக மேலே வருகிறது. யுவான் சுவாங் எழுதியதில் நரகத்தை எடுத்துவிட்டால் மீதி ஏறக்குறைய சரிதான். மேலே தள்ளும் அழுத்தம் நிலத்தடி நீரைப் பொறுத்தது. ஊரைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறு பெருகினால் ஊற்று தானாக இளைக்கும்.

இதை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய்த் துளை போடுகின்றன. நம் பக்கத்துத் தோட்டங்களிலேயே ஆயிரம் அடி சாதாரணமாகிவிட்டது. 1812-ல் பிரான்சிஸ் புக்கானன் தெர்மாமீட்டரோடு ராஜ்கிர் போய் ஒவ்வொரு ஊற்றின் சூட்டையும் குறித்தார். 1800-ல் நமக்கு அக்கரையில் உள்ள கரூருக்கு வந்து ஊர் விவரங்களை எழுதிக்கொண்டு போன அதே புக்கானன்தான். அவர் அளந்ததோடு இன்றைய அளவுகளை யாராவது ஊற்று வாரியாக ஒப்பிட்டால் நல்லது. கோடையில் சில குண்டங்களில் நீர் குறைந்துபோவதாகச் செய்தி வருகிறது.

பீகார் அரசாங்கம் 2022 நவம்பரில் ஒரு திட்டத்தைத் தொடங்கிவைத்தது. மொகாமாவுக்கு அருகே மழைக்காலத்தில் கங்கை நீரை எடுத்து, குழாயில் கொண்டுவந்து தேக்கி, சுத்தம் செய்து ராஜ்கிர் வீடுகளுக்கு விடுகிறார்கள். வீட்டுக்கு வீடு போர் போடுவது குறையும் என்பது நோக்கம். குழாய்த் தண்ணீர் வந்த பிறகு எத்தனை வீடுகளில் போர் மோட்டாரை நிறுத்தினார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.