தீனித்தட்டும் ஏழு பேர்ச் காணியும்

பதுளைப் பக்கம் புதுவீடு கட்டிக் குடியேறியிருக்கும் நண்பர் ஒருவர், வீட்டுத்தோட்டத்தில் பறவைகளுக்குத் தீனி வைக்க எத்தகைய தட்டு உகந்தது என்று கேட்டு எழுதியிருந்தார். எளிய கேள்விதான். ஆனால் ஊவாவின் தோட்டப்புற வரலாற்றை அறிந்தவர்கள் இதை அத்தனை எளிதாகக் கடந்து போக முடியாது. தட்டைத் தொங்கவிட ஒரு முற்றம் வேண்டும்; அம்முற்றம் நமக்கு உரியதாகவும் இருத்தல் வேண்டும்.

தோட்டத்தில் பறவைக்கு மேசையிட்டு உணவு வைப்பது பிரித்தானியரிடையே பெரிதும் பரவிய பழக்கம். 1890-91ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் நிலம் உறைந்து இரை கிடைக்காமல் பறவைகள் மடிந்தபோது, அவற்றுக்கு உணவிடுமாறு அந்நாட்டுப் பத்திரிகைகள் மக்களை வேண்டின. அக்காலத்தில்தான் ஊவா மலைகளில் பிரித்தானியரின் தேயிலைத் தோட்டங்கள் விரிந்துகொண்டிருந்தன. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழியத் தொடங்க, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1890இல் லிப்டன் தம்பதென்னைத் தோட்டத்தை வாங்கினார். கோப்பிக்கும் தேயிலைக்குமாகக் காடுகள் வெட்டப்பட்டபோது, அக்காடுகளின் பழங்களையும் பூச்சிகளையும் நம்பி வாழ்ந்த பறவைகளும் இடம் இழந்தன.

பின்னர் அதே தோட்ட உலகிலிருந்துதான் பறவை ஆர்வலர்களும் தோன்றினர். சேர் தோமஸ் விலியர்ஸ் 1931இல் அப்புத்தளையில் அடிஷம் மாளிகையை எழுப்பினார். அதனை அடுத்துள்ள தங்கமலைக் காடு 1938இல் சரணாலயமாயிற்று. 1943இல் உருவான இலங்கைப் பறவைக் கழகத்தில் துரைமார் முக்கிய இடம் வகித்தனர். 1955இல் வெளிவந்து இன்றும் போற்றப்படும் இலங்கைப் பறவைகள் கையேட்டின் ஆசிரியர் ஜி. எம். ஹென்றி, தேயிலைத் தோட்டமொன்றிலே பிறந்தவர். இவர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் பறவையை ஆறஅமர இருந்து பார்க்கப் புல்வெளியும் ஓய்வும் வேண்டும். அவை இரண்டும் பங்களாவில்தான் இருந்தன.

லயத்திலே பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அதற்கு முன்னால் ஒடுங்கிய திண்ணை. நிலமும் கூரையும் தோட்டத்துக்குச் சொந்தம். ஆயினும் பறவைக்குச் சோறிடும் வழக்கம் லயத்தை விட்டு நீங்கவில்லை. புரட்டாதிச் சனிக்கிழமைகளிலும் முன்னோர் நினைவு நாட்களிலும் காகத்துக்கு வைத்த பிறகே வீட்டார் உண்பர். தமிழகத்து நெல்வயல்களிலிருந்து வந்தவர்கள், நெல் விளையாத மலையில், சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கிடப்பட்ட அரிசியில் ஒரு பிடியை இவ்வாறு ஒதுக்கினார்கள். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் இறப்பு விகிதமே உயர்ந்தது. அக்காலத்தில் ஒரு பிடி சோற்றின் பெறுமதி என்னவென்று, அதைப் பட்டறிந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களைப் புதைத்தது. தனி வீடு என்ற நெடுநாள் கோரிக்கையின் நியாயத்தை நாடு முழுவதும் அன்று கண்டது. 2015இல் பதவிக்கு வந்த அரசாங்கம் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணியில் வீடு என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,905 சதுர அடி. வீடு போக எஞ்சுவது சிறு முற்றமே. அதற்கும் காணி உறுதி கிடைக்கப் பலர் நீண்டகாலம் காத்திருக்க நேர்ந்தது.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். குளிர்நாட்டு விதைகளுக்கென்று அமைந்த குழாய்வடிவத் தட்டுகள் இங்கே அதிகம் பயன்படா. சிவப்பு நிறத் தேன்குப்பிகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் ஓசனிச்சிட்டுக்காகச் செய்யப்பட்டவை. நமது தேன்சிட்டுக்குச் செம்பருத்தி போதும். அகன்ற, ஆழமற்ற மரத்தட்டே நல்லது. மழைநீர் வடிய அடியில் துளைகள் இருக்கட்டும். தானியம் வைத்தால் சில்லையும் புறாவும் வரும். வாழைப்பழமும் பப்பாசியும் வைத்தால் கொண்டைக்குருவியும் குக்குறுவானும் வரும். புளித்த சோற்றை விட்டுவைக்காமல் தட்டை நாள்தோறும் கழுவுங்கள். இல்லையேல் நோயும் எலியும், எலியைத் தேடிப் பாம்பும் வந்து சேரும்.

அதைவிட முக்கியம் தண்ணீர். ஊவாத் தேயிலைக்குப் புகழ்பெற்ற மணத்தைத் தரும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான வறண்ட காற்றுக்காலமே பறவைகள் நீருக்கு அலையும் காலமுமாகும். அப்போது ஒரு மண்சட்டி நீர் எந்தத் தட்டையும் விட மேலானது. வேலியோரத்தில் முள்முருங்கை நட்டால், அது பூக்கும்போது மைனாவும் தேன்சிட்டும் தாமாகவே வரும்.

தட்டை நாடாத பறவையும் உண்டு. ஆறுமணிக்குருவி ஆண்டுதோறும் ஒக்டோபர் அளவில் இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்து, உதிர்ந்த இலைகளைக் கிளறிப் புழு பூச்சிகளைத் தின்று, வசந்தத்தில் திரும்பிவிடும். அதற்கு நாம் செய்யத்தக்கது, முற்றத்தின் ஒரு மூலையையாவது கூட்டாமல், மருந்தடிக்காமல் விட்டுவைப்பதுதான். ஏழு பேர்ச்சில் அதற்கும் இடமுண்டு. எந்த மூலையை எதற்கு விடுவது என்பதை அந்த வீட்டாரே தீர்மானிக்கலாம். லயத்தில் வாழ்ந்த அவர்களின் பாட்டன் பாட்டிக்கு அந்த உரிமை இருக்கவில்லை.