வான்வழியும் கடல்வழியும்

இரண்டு ஊர்களுக்கிடையே உள்ள தூரம் மாறுவதில்லை. அதைக் கடக்கும் காலமோ தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. யாழ்ப்பாணத்தைச் சூழ்ந்த தீவுகளின் வரலாறு இவ்வுண்மைக்குச் சிறந்த சான்று எனலாம்.

மணிமேகலைக் காப்பியத்திலே, உறங்கிக் கிடந்த மணிமேகலையைக் கடற்றெய்வம் புகார் நகரிலிருந்து வான்வழியே எடுத்துச் சென்று மணிபல்லவத் தீவில் வைத்தது. முப்பது யோசனைத் தூரம் ஓர் இரவுக்குள் கழிந்தது. அத்தீவு நயினாதீவே என்று அறிஞர் சிலர் கொள்வர், மறுப்பாரும் உளர். எவ்வாறாயினும், தெய்வத்துக்கே வானம் வழிவிட்டது. மானிடர்க்குக் கடலொன்றே வழியாயிற்று.

அக்கடல்வழியின் தன்மையை நயினாதீவிலுள்ள தமிழ்க் கல்வெட்டொன்று உணர்த்துகிறது. அது 12ஆம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை. பிறநாட்டார் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டும். அவர்களைக் காத்தல் வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்கு ஏற்றிய கலமாயின் பாதிக்குப் பாதி. கலம் உடைவதற்கென்றே ஒரு விதி வகுக்க வேண்டியிருந்ததென்றால், அன்றைய பயணத்தில் எத்தனை நாள் செல்லும் என்பதினும் கரை சேர்வோமா என்பதே பெரிய கேள்வியாக இருந்திருக்குமன்றோ?

தெய்வம் சென்ற வழி மானிடர்க்கும் கைகூடிய காலம் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் பலாலியிலே விமானத்தளம் அமைத்தனர். 1947 டிசம்பர் 10ஆம் நாள் எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, அத்தளத்தில் இறங்கிச் சென்னைக்குப் பறந்தது. பின்னர் உள்நாட்டுப் போரினால் வானும் கடலும் ஒருங்கே அச்சம் தரும் வழிகளாயின. விமானப் போக்குவரத்துப் பலகால் தடைப்பட்டது. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிலே பயணிகள் கொல்லப்பட்ட துயரைத் தீவுமக்கள் இன்றும் மறந்திலர்.

2019 அக்டோபர் 17ஆம் நாள் பலாலி சர்வதேச விமானநிலையமாகத் திறக்கப்பட்டது. 2025 மார்ச் மாதத்தில் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் அங்கு விமானம் வரத் தொடங்கியது. இரு நிலையங்களுக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 180 கிலோமீற்றர். பறக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மணி.

இனி நெடுந்தீவை நோக்குவோம். யாழ்ப்பாண நகரிலிருந்து நேர்க்கோட்டில் அது ஏறத்தாழ 35 கிலோமீற்றரே. ஆயினும் பண்ணைப் பாலத்தையும், வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடைப்பட்ட கடற்பாதையையும் கடந்து, குறிகட்டுவான் துறையை அடைய ஒரு மணி நேரம் வேண்டும். அங்கிருந்து நயினாதீவு கால்மணிப் பயணம். நெடுந்தீவோ மேலும் ஒரு மணிப் பயணம். படகுக்குக் காத்திருக்கும் நேரம் வேறு. கடல் கொந்தளித்தால் படகே இல்லை.

ஆகவே, திருச்சிராப்பள்ளியில் விமானம் ஏறியவர் பலாலியில் இறங்கிவிடும் நேரத்தில், நெடுந்தீவில் புறப்பட்டவர் குறிகட்டுவான் கரையைத்தான் கண்டிருப்பார். நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற ஒரு தாய்க்கு அந்தக் கடல் எத்துணைப் பெருந்தூரம்! அயல்நாடு அண்மையாகிவிட்டது, அயற்றீவு இன்னும் தொலைவிலேயே நிற்கிறது. கலம் உடைந்தவனுக்கும் நீதி வகுத்த அக்கல்வெட்டு, இத்தூரத்தையும் குறைக்குமாறு நம்மை நோக்கிக் கேட்பதுபோல் அங்கே நிற்கிறது.