விழித்திருப்பவர்களின் பறவை

கொல்லிமலையில் சில சிற்றூர்களைச் சேர்த்து ஒரு 'நாடு' என்று சொல்வார்கள். வளவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என்று மலை முழுவதும் நாடுகள்தாம். வல்வில் ஓரி ஆண்ட மலை அல்லவா? அரசன் போய்விட்டான், நாடுகள் மட்டும் நிலைத்துவிட்டன. அவற்றுள் ஒன்றான ஆலத்தூர் நாட்டில் ஒரு மழைக்கால இரவைக் கழிக்கும்படி எனக்கு நேர்ந்தது.

நான் தங்கிய வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது வயதுக்குக் குறையாது. அவளுடைய மகன் மிளகு மூட்டையை ஏற்றிக்கொண்டு காலையிலேயே நாமக்கல்லுக்கு இறங்கியிருந்தான். பொழுது சாய்வதற்குள் திரும்பியிருக்க வேண்டும், திரும்பவில்லை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே வரும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 70. மழையோ விட்டபாடில்லை. கைபேசியோ மௌன விரதம் பூண்டிருந்தது. மருமகள் ஆறிப்போன சோற்றுக்குக் காவலாக அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். கிழவி திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டு பெண்களுக்கும் என்ன ஆறுதல் சொல்வதென்று தெரியாமல் நானும் உட்கார்ந்திருந்தேன்.

பத்து மணிக்குமேல், கொல்லைப் பக்கத்துப் பலா மரத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

கிழவி சட்டென்று நிமிர்ந்து, விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். குரல் நின்றதும், "ஆறு" என்றாள் மெதுவாக.

"இல்லீங்க அத்தை, எட்டு" என்றாள் உள்ளேயிருந்து மருமகள். அவள் குரல் நடுங்கியது.

"நீங்க எண்ணுனீங்களா, தம்பி?" என்று கிழவி என்னைக் கேட்டாள். நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் எத்தனை பெரிய உபகாரம் செய்திருப்பேன் என்பது அப்பொழுதுதான் உறைத்தது.

ஆறுக்கும் எட்டுக்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். ஆந்தையின் அலறலுக்குப் பலன் சொல்லும் பழம் பாட்டு ஒன்று தமிழ் நாட்டில் உண்டு. ஒரு முறை அலறினால் சாவு, இரண்டு முறையானால் எண்ணிய காரியம் கைகூடும், மூன்றானால் மங்கை வந்து சேர்வாள், நான்கு கலகம், ஐந்து பயணம், ஆறு என்றால் யாரோ வருகிறார்கள், எட்டு என்றால் திடீர்ச் சாவு, ஒன்பதும் பத்தும் மிக உத்தமம். ஆக, தாயின் காதில் விழுந்தது வருகை; மனைவியின் காதில் விழுந்தது மரணம். மரத்திலிருந்த பறவை என்னவோ ஒன்றுதான்.

இந்தப் பாட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் தெரியும். பத்து எண்ணிக்கையில் சாவுக்கென்று ஒதுக்கியது இரண்டே இரண்டு. நல்ல பலன்களே அதிகம். ஒரு ஜோதிடரிடம் போனால்கூட இத்தனை தாராளம் கிடைப்பது துர்லபம். ஆனாலும் மக்கள் மற்ற எட்டையும் மறந்துவிட்டு இரண்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். 'சாக்குருவி' என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பெயர் முதலிலிருந்தே உண்டா? மழைச் சத்தத்தினூடே எனக்கு அந்தக் கேள்விதான் எழுந்தது.

தமிழின் பழைய ஏடுகளில் இந்தப் பறவைக்குப் பெயர்கள் பல: கூகை, ஆந்தை, குடிஞை, குரால், ஊமன். தொல்காப்பியத்தின் மரபியல் கூகையைக் கோட்டான் என்று சொல்வதும் மரபுதான் என்கிறது. பெட்டையை 'அளகு' என்று அழைக்கும் உரிமையைக் கோழிக்கும் கூகைக்கும் சமமாக வழங்குகிறது. வீட்டுக் கோழிக்குப் பக்கத்தில் கூகையை உட்கார வைத்திருக்கிறார் இலக்கண ஆசிரியர். அவருக்கு அது தீண்டத்தகாத பறவையாகத் தோன்றவில்லை.

சங்கப் புலவர்களோ அதனோடு பேசியே இருக்கிறார்கள். நற்றிணையின் 83-ம் பாட்டில், இரவில் காதலன் வருவான் என்று தலைவி தூங்காமல் காத்திருக்கிறாள். ஊரின் நீர்த்துறை அருகே, தெய்வம் உறையும் முதிய மரத்தில் ஒரு கூகை இருக்கிறது. தோழி அதனிடம் பேரம் பேசுகிறாள். நெய் கலந்த ஊன் சோறு தருகிறோம். சுட்ட எலி இறைச்சியும் நிறையத் தருகிறோம். அவர் வரும் நேரத்தில் மட்டும் உன் கடுங்குரலை எழுப்பி எங்களை அஞ்ச வைக்காதே என்கிறாள். மந்திரமும் இல்லை, பரிகாரமும் இல்லை. அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல் ஒரு வேண்டுகோள்.

அகநானூற்றின் 122-ம் பாட்டில் பரணர், காதலர் சந்திப்புக்கு இரவில் ஏற்படும் இடையூறுகளை வரிசையாக அடுக்குகிறார். ஊர் தூங்கினால் தாய் தூங்க மாட்டாள்; தாய் தூங்கினால் காவலர்கள் வருவார்கள்; காவலர் அயர்ந்தால் நாய் குரைக்கும்; நாய் ஓய்ந்தால் நிலவு காயும்; நிலவும் மறைந்தால் கூகை குழறும்; கூகையும் அடங்கினால் சேவல் கூவிவிடும்! நாய்க்கும் நிலவுக்கும் சேவலுக்கும் நடுவே கூகையும் ஒரு தொல்லை, அவ்வளவுதான். போகிற போக்கில் பரணர் இன்னொரு செய்தியும் சொல்கிறார். அந்தக் கூகைக்கு உணவு வீட்டு எலி என்கிறார். இந்த எலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

நற்றிணையின் 394-ம் பாட்டு இன்னும் வியப்பானது. அங்கே காட்டு மரத்தில் இருக்கும் குடிஞையின் குரல், பொற்கொல்லன் வேலை செய்யும் ஓசை போல் இனிமையாக ஒலிக்கிறது. ஆம், இனிமையாகத்தான்!

அதற்காகச் சங்க காலத்தவர்கள் ஆந்தைக்கு அஞ்சவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. புறநானூற்றின் 364-ம் பாட்டில், முதுமக்கள் தாழி புதைத்த பெருங்காட்டில், பழைய மரப் பொந்திலிருந்து கூகைக்கோழி கூப்பிடுகிறது. அந்தக் காட்டுக்குப் போகுமுன் உண்டு களிப்போம் என்கிறார் புலவர். அந்த ஒரு சொல்லாலேயே அவருக்குக் கூகைக்கோழியார் என்று பெயர் அமைந்தது. ஒரே காலத்து மக்கள், ஒரே பறவை. ஒருவருக்கு இடையூறு, ஒருவருக்குப் பொன் ஓசை, ஒருவருக்குச் சுடுகாட்டு நினைவு.

மற்ற தேசங்களிலும் இதே கதைதான். பண்டைய கிரேக்கர்கள் அறிவுத் தெய்வமான அதீனாவுக்கு ஆந்தையை உரிய பறவையாக்கினார்கள். ஏதென்ஸ் நகரத்து வெள்ளி நாணயத்தின் ஒரு புறம் அவள் முகம், மறுபுறம் ஆந்தை. நாம் கொல்லன் தெருவில் ஊசி விற்காதே என்று சொல்வதுபோல, அவர்கள் ஏதென்ஸுக்கு ஆந்தை கொண்டுபோகாதே என்று சொன்னார்கள். 2002-ம் ஆண்டில் கிரீஸ் வெளியிட்ட ஒரு யூரோ நாணயத்திலும் அந்தப் பழைய ஆந்தையே விழித்துப் பார்க்கிறது. ஆனால் கடலைத் தாண்டி ரோமாபுரிக்குப் போனால், அதே பறவை அபசகுனம். அது நகரத்துக்குள் நுழைந்ததற்காக நகரத்துக்கே சுத்தி சடங்கு செய்ததாகப் பிளினி எழுதி வைத்திருக்கிறார். ஜப்பானின் வடக்கே வாழும் ஐனு மக்களுக்கோ, மீன் பிடிக்கும் பெரிய ஆந்தை கிராமத்தைக் காக்கும் தெய்வம்.

நம் பாரத தேசத்திலும் இந்த முரண்பாடு உண்டு. பாரதப் போரின் கடைசி இரவில், ஆலமரத்தடியில் தூக்கம் வராமல் கிடந்த அசுவத்தாமன், ஓர் ஆந்தை வந்து உறங்கும் காக்கைகளைக் கொல்வதைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் தூங்கும் பாண்டவப் பாசறைக்குள் வாளோடு நுழைந்துவிட்டான். பஞ்சதந்திரத்தில் காக்கை - ஆந்தை யுத்தத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. வள்ளுவரோ, பகலில் காக்கை கூகையை வென்றுவிடும் என்று காட்டி, காலம் அறிந்து காரியம் செய் என்று அரசனுக்குப் பாடம் சொன்னார். வங்காளத்துக்குப் போனால் ஆந்தை சாட்சாத் லக்ஷ்மி தேவியின் வாகனம். செல்வத்துக்கு அதிதேவதையையே சுமந்து வரும் பறவையை எவன் விரட்டுவான்?

ஒரே பறவை எப்படி ஓரிடத்தில் தெய்வமாகவும் ஓரிடத்தில் யமதூதனாகவும் ஆயிற்று?

எனக்குத் தோன்றுவது இதுதான். ஆந்தை நமக்காகக் கூப்பிடுவதில்லை. தன் எல்லையைச் சொல்லவும் தன் ஜோடியை அழைக்கவும் அது இரவுதோறும் கூப்பிடுகிறது. தூங்குகிறவன் காதில் அது விழுவதில்லை. விழித்திருப்பவன் காதில்தான் விழுகிறது. நடுநிசியில் விழித்திருப்பவர்கள் யார்? நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவள், வராத மகனுக்காகக் காத்திருப்பவள், காதலனை எதிர்பார்ப்பவள், விளக்கடியில் படிக்கிறவன், பழி தீர்க்கக் காத்திருக்கிறவன். சாகக் கிடப்பவன் இருக்கும் வீடு இரவெல்லாம் விழித்திருக்கிறது. ஆகவே ஆந்தையைக் கேட்கிறது. விடியுமுன் உயிர் போய்விட்டால், முந்தி வந்த குரல்மேல் பழி விழுகிறது. பிழைத்து எழுந்துவிட்டாலோ, அந்தக் குரலை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அறிவாளி விழித்திருந்த வீட்டில் அது அறிவின் பறவையாயிற்று. அசுவத்தாமன் விழித்திருந்த மரத்தடியில் கொலைக்குக் குருவாயிற்று.

பறவையின் தோற்றமும் இதற்குத் துணை செய்கிறது. மற்றப் பறவைகளைப் போலன்றி, மனிதனைப் போல் இரண்டு கண்களும் முன்னால் பார்க்கின்றன. அந்தக் கண்கள் குழிக்குள் அசைவதில்லை. ஆகவே கழுத்தையே 270 பாகை அளவுக்குத் திருப்புகிறது. மனிதன் கழுத்தில் எலும்புகள் 7. ஆந்தையின் கழுத்தில் 14. இறகின் விளிம்பில் சீப்புப் பல் போன்ற அமைப்பு இருப்பதால் பறப்பதும் கேட்பதில்லை. வெண்கூகையின் காதுத் துளைகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக அமைந்திருக்கின்றன. சருகு பரப்பிய இருட்டறையில் எலி ஓடும் சத்தத்தை மட்டும் கொண்டே அது இரையைப் பிடித்துவிடுகிறது என்பதை ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் சோதித்துப் பார்த்து, 1971-ம் ஆண்டில் விரிவாக எழுதினார். இருட்டில் சத்தமின்றி வந்து, மனித முகத்தோடு பார்த்தால் யாருக்குத்தான் அடிவயிறு கலங்காது?

கலங்குவதோடு நின்றிருந்தால் பாதகமில்லை. அந்தப் பயமும் அதன் கூடப் பிறந்த பேராசையும் இன்று பறவையின் உயிருக்கு உலை வைக்கின்றன. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆந்தையைப் பிடிப்பதையும் விற்பதையும் தடை செய்கிறது. ஆனாலும் மாந்திரீகத்துக்காகவும் பூஜைக்காகவும் ரகசிய வியாபாரம் நடந்துகொண்டிருக்கிறது. 2010-ம் ஆண்டில் டிராஃபிக் இந்தியா என்ற அமைப்பு வெளியிட்ட ஆராய்ச்சி அறிக்கை, இந்தியாவில் உள்ள சுமார் 30 ஆந்தை இனங்களில் 15 இனங்கள் இந்த வியாபாரத்தில் சிக்கியிருப்பதைக் கண்டது. தீபாவளி நெருங்கும்போது இது அதிகமாகிறதாம். லக்ஷ்மி வீட்டை விட்டுப் போகாதிருக்க அவள் வாகனத்தைப் பலி கொடுக்கிறார்கள். வாகனத்தைக் கொன்றுவிட்டால் அவள் எதில் வருவாள் என்று ஒருவராவது யோசித்ததாகத் தெரியவில்லை.

இங்கேதான் பரணர் சொன்ன வீட்டு எலி நமக்கு வேண்டும். மலேயாவில் நம் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த தோட்டங்கள் ரப்பரிலிருந்து எண்ணெய்ப் பனைக்கு மாறின. பனம்பழத்தை எலிகள் தின்று தீர்த்தன. 1980-களில் அங்கே மரப் பெட்டிகளைக் கம்பத்தின்மேல் நட்டு, கூகைகளைக் குடியேற்றினார்கள். ஒரு ஜோடி, தன் குஞ்சுகளோடு, ஓர் ஆண்டில் ஆயிரத்துக்குக் குறையாத எலிகளைத் தீர்த்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நற்றிணைத் தோழி கூகைக்கு எலி இறைச்சி தருவதாகச் சொன்னாள். தோட்டக்காரர்கள் வீடு மட்டும் கொடுத்தார்கள். எலியை அதுவே தேடிக்கொண்டது.

ஆலத்தூர் நாட்டு இரவுக்குத் திரும்புகிறேன். இரண்டு மணி சுமாருக்கு வெளிச்சம் தெரிந்தது. மகன் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். ஒரு வளைவில் மரம் சாய்ந்து வழியை மறித்துவிட்டதாம். மருமகள் ஒன்றும் பேசாமல் சோற்றைச் சுட வைக்கப் போனாள். அவன் தலையைத் துவட்டும்போது மறுபடி பலா மரத்திலிருந்து குரல் வந்தது.

"விடிஞ்சதும் மொத வேலையா அந்தப் பொந்தை அடைக்கிறேன், பாரு" என்றான் அவன்.

"வேண்டாம் சாமி" என்றாள் கிழவி. "அதும் எங்கூட முழிச்சிட்டு இருந்துச்சு."

காலையில் மழை விட்டிருந்தது. பலா மரத்தடியில், எலும்பும் மயிருமாய்ச் சில உருண்டைகள் கிடந்தன. ஆந்தை விழுங்கிச் செரிக்காமல் கக்கியவை. ஒன்றைக் குச்சியால் பிரித்துப் பார்த்தேன். சின்னஞ்சிறு எலித்தலை ஒன்று இருந்தது. பக்கத்தில் வந்து குனிந்து பார்த்த மருமகள், வீட்டினுள் கேழ்வரகு மூட்டைகள் இருந்த பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"ஆறாத்தான் இருக்கும்" என்றாள்.