ஆன்மா இல்லையென்றால் சாதி எதில் ஒட்டும்?



பௌத்தமும் மன அறிவியலும் எப்போது பேசத் தொடங்கின என்று கேட்டால் இன்று ஒரே பதில்தான் கிடைக்கிறது. 1987இல் தரம்சாலாவில் தலாய் லாமாவும் நரம்பியல் ஆய்வாளர் பிரான்சிஸ்கோ வரேலாவும் வேறு சில அறிவியலாளர்களும் உட்கார்ந்து பேசினார்கள். அதிலிருந்து 'மைண்ட் அண்ட் லைஃப்' நிறுவனம் வளர்ந்தது. அதற்கு முன்பே, 1979இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபட்-ஜின் தியானத்தை நோயாளிகளுக்கான பயிற்சியாக்கியிருந்தார். இரண்டும் நடந்தவைதாம். ஆனால் வரலாற்றை அங்கிருந்து தொடங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் அந்தப் பேச்சு நடந்திருக்கிறது. நடத்தியவர்கள் நம்மவர்களும் நம்மோடு நின்றவர்களும்.

1898இல் அயோத்திதாசப் பண்டிதர் கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்று தீட்சை பெற்றுத் திரும்பி, சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார். கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள் வரை அது பரவியது. அந்த இயக்கத்தோடு சேர்ந்து நின்றவர் பேராசிரியர் பொ. லட்சுமி நரசு, ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவரல்லர், அறிவியல் கற்பித்தவர். 1907இல் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் பௌத்தத்தின் சாரத்தை விளக்கும் நரசுவின் ஆங்கில நூல் வெளிவந்தது. 1948இல் அதன் மூன்றாம் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் பாபாசாகேப் அம்பேத்கர்.

அந்த நூலில் 'நான்' என்பது என்ன என்று ஓர் அத்தியாயம் உண்டு. சாதியைப் பற்றியும் ஓர் அத்தியாயம் உண்டு. இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். மனிதர் என்பது ஐந்து கந்தங்களின் கூட்டு. மணிமேகலை இவற்றுக்குத் தமிழிலேயே பெயர் தருகிறது: உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு. இவற்றுக்கு அப்பால் மாறாத ஆன்மா என்று ஒன்றில்லை. ஆன்மாவைக் கருதாமலே மனத்தை ஆராயலாம் என்ற இடத்துக்கு மேற்கத்திய உளவியலும் அப்போது வந்துகொண்டிருந்தது. மனத்தை ஓடும் நீராகப் பார்த்த வில்லியம் ஜேம்ஸின் பெருநூல் வந்தது 1890இல். நரசு தம் காலத்து அறிவியலைத் துணைக்கு அழைத்தார்.

இதனால் நமக்கென்ன? சாதியின் நியாயம் முழுவதும் ஆன்மாவின் முதுகில்தான் ஏறியிருக்கிறது. முற்பிறவிப் பாவத்தைச் சுமந்துவந்து சேரியில் பிறந்தாய் என்பது அதன் கணக்கு. சுமந்துவர ஆளே இல்லையென்றால் கணக்கு யார் பேரில்? வினை என்பது ஆன்மாவோடு பயணம் போவதல்ல, செயலின் விளைவு பின்வரும் மனிதர்களிடம் தொடர்வது என்று நரசு கொண்டார். அப்படியானால் இன்று சேரி படும் பாடு, நேற்று ஊர்த்தெரு செய்த வினை. இந்த முடிவு என்னுடையது; நரசு மறுத்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

பண்டிதருக்கும் நரசுவுக்கும் பார்வை ஒன்றல்ல. பண்டிதர் தமிழ் இலக்கியம், பண்டிகை, சொற்பொருள் வழியாகப் பௌத்தத்தைத் தோண்டி எடுத்தார். நரசுவுக்கு ஆய்வுக்கூடத்தின் கண். எனக்கு இருவரும் வேண்டும். அரிக்கமேட்டுக்கு அருகே காக்காயந்தோப்பில் இருக்கும் புத்தர் சிலை யாருடைய நினைவு என்று கேட்கக் கற்றுத்தந்தவர் பண்டிதர்தானே.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய சொல் ஒன்று உண்டு. மணிமேகலை சொல்லும் பன்னிரண்டு நிதானங்களில் வாயில், ஊறு, நுகர்வு என்று ஒரு தொடர் வருகிறது. வாயில் என்பது புலன்கள். ஊறு என்றால் தொடுதல். அதிலிருந்து பிறப்பது நுகர்வு, அதாவது இன்பமோ துன்பமோ. மனத்தின் துன்பம் மனத்துக்குள் தானாக முளைப்பதில்லை, உலகம் வந்து தொட்ட இடத்தில் முளைக்கிறது என்பதே இதன் பொருள். தமிழில் ஊறு என்பதற்குத் தீங்கு என்றும் பொருளுண்டு. தனித் தம்ளரும், தண்ணீரைத் தூக்கி ஊற்றிய கையும் தொடாமலே தொட்டவை. தீண்டாமையும் ஓர் ஊறுதான்.

இன்றைய தியானச் சந்தை இந்தத் தொடரின் கடைசிக் கண்ணியை மட்டும் பிடித்துக்கொள்கிறது. உன் நுகர்ச்சியைக் கவனி, மூச்சைப் பார் என்கிறது. பதற்றம் குறைய அது ஓரளவு உதவுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2007இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் தலித், பழங்குடி மாணவர்கள் எதிர்கொண்ட பாகுபாட்டை தோரட் குழு பதிவு செய்தது. அங்கே மாற வேண்டியது மாணவரின் மூச்சா, விடுதியும் வகுப்பறையும் தேர்வறையுமா?

மணிமேகலை முதலில் கையில் ஏந்தியது அமுதசுரபியை. பசித்தவருக்குச் சோறிட்டாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். அறவண அடிகளிடம் நிதானங்களைக் கேட்டது அதற்கெல்லாம் பிறகு, காஞ்சியில்.