நாற்பதுக்கு நாற்பது

1990களின் முற்பகுதியில் கல்முனைக் கடைகளில் விற்பனைக்கு வந்த தொலைக்காட்சி விளையாட்டுக் கசட்டுகளின் முகப்பில் ஓர் எண் தவறாமல் இருக்கும். 42 இன் 1, 168 இன் 1, சிலவற்றில் 9999999 இன் 1. (கசட் என்றுதான் சொன்னோம். ஒலிநாடாவுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.) ஏறத்தாழ ஒரு கோடி விளையாட்டுகள் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கியிருப்பதாக அந்த எண் சாதித்தது. கசட்டைப் பெட்டியில் செருகிப் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டு போனால் சில பக்கங்களுக்குள் குட்டு வெளிப்பட்டுவிடும். முதலில் கண்ட விளையாட்டே வேறு பெயரில் திரும்பி வரும். சிலவேளை மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கும், சிலவேளை சட்டையின் நிறம் மாறியிருக்கும். உண்மையில் உள்ளே இருப்பவை பத்தோ இருபதோதான்.

சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நீளும் எங்கள் கரையோரத்துப் பிள்ளைகள் தர மதிப்பீடு என்ற கலையை இந்தப் பொய்யிலிருந்தே கற்றுக்கொண்டார்கள். "காக்கா, இதுல மெய்யா எத்தினை கேம்?" என்று கடைக்காரரிடம் கேட்டு, போட்டுக் காட்டச் சொல்லி, பட்டியல் எந்த வரியில் திரும்புகிறது என்று எண்ணிய பின்னரே காசை நீட்டுவார்கள். அவர்களிடம் விமர்சன இதழ் இல்லை. பெட்டியில் தயாரிப்பாளரின் பெயரும் இல்லை. அதே காலத்தில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இவ்விளையாட்டுகளுக்குப் புள்ளியிடுவது ஒரு தொழிலாகவே வளர்ந்திருந்தது. அந்தத் தொழிலின் வரலாற்றை எங்கள் கரையில் நின்று வாசித்தால் அது வேறு விதமாகத் தெரிகிறது.

வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் முதலாவது வணிகப் பெட்டி, மக்னவொக்ஸ் ஒடிசி, 1972இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கசட் மாற்றி விளையாடும் பழக்கத்தைப் பரவலாக்கியது 1977இல் வந்த அட்டாரியின் பெட்டி. 1979இல் ஆர்னி காட்ஸ், பில் குன்கல் என்ற இருவர் 'வீடியோ' இதழில் இதற்கெனத் தனிப் பத்தி தொடங்கினர். 1981இல் அவர்களே ஜோய்ஸ் வொர்லியுடன் சேர்ந்து 'எலெக்ட்ரானிக் கேம்ஸ்' என்ற இதழைக் கண்டனர். சினிமா விமர்சனத்துக்கு இருந்த மரியாதை இதற்கும் வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். அது நியாயமான எண்ணமே. ஆனால் கடைத்தட்டுகள் விமர்சனத்துக்காகக் காத்திருக்கவில்லை. அட்டாரியிலிருந்து விலகிய நிரலாளர்கள் 1979இல் அக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கி வெற்றி கண்டதும், வேறு யார் யாரோ அட்டாரிப் பெட்டிக்குக் கசட் செய்யப் புகுந்தனர். எது நல்லது, எது குப்பை என்பது வாங்குபவனுக்கும் தெரியவில்லை, விற்பவனுக்கும் தெரியவில்லை. விலைகள் சரிந்தன. 1983இல் 320 கோடி டொலராகச் சொல்லப்பட்ட அமெரிக்கச் சந்தை 1985இல் சுமார் 10 கோடி டொலருக்கு வீழ்ந்தது.

அந்த வீழ்ச்சிக்குப் பலிகடா ஆக்கப்பட்டது 1982 டிசம்பரில் வந்த 'ஈ.டி.' கசட். ஐந்து வாரத்தில் ஒரே மனிதர், ஹவார்ட் ஸ்கொட் வார்ஷோ, அதை எழுதி முடிக்க வேண்டியிருந்தது. விற்காத கசட்டுகளை அட்டாரி 1983இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமொகார்டோவில் குப்பை மேட்டில் புதைத்தது. 2014 ஏப்ரலில் அந்த மேட்டைத் தோண்டியபோது 'ஈ.டி.'யோடு நன்றாக விற்ற வேறு பல கசட்டுகளும் வெளிவந்தன. ஒரு மோசமான விளையாட்டு ஒரு தொழிலையே கொன்றது என்ற கதை சுவையானது; பத்திரிகைக்காரர்களாகிய எங்களுக்கு அத்தகைய கதைகள் பிடிக்கும். கொன்றது கசட் அல்ல, தரம் பிரித்தறிய வழியில்லாமை.

அந்தப் பாடத்தைச் சரியாகப் படித்த நிறுவனம் நின்டெண்டோ. 1983 ஜூலை 15ஆம் திகதி ஜப்பானில் ஃபமிகொம் பெட்டியை வெளியிட்ட அது, 1985இல் அமெரிக்காவுக்குள் நுழைந்தபோது பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சில்லைப் பொருத்தியது. நின்டெண்டோ அனுமதித்த கசட்டில் மட்டுமே அதற்கான மறுசில்லு இருக்கும். வெளி நிறுவனமொன்று ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிட முடியாது. கசட்டின் மேல் பொன்னிற முத்திரை: தரத்துக்கான உத்தியோகபூர்வ முத்திரை. விளையாட்டு சுவையாக இருக்கும் என்பதற்கு அம்முத்திரை உத்தரவாதம் அல்ல. நின்டெண்டோ அனுமதித்தது என்பதே அதன் பொருள். முத்திரை தாங்கிய மட்டமான விளையாட்டுகள் எத்தனையோ வந்தன. பிற்காலத்தில் அமெரிக்க முத்திரையிலிருந்து 'தரம்' என்ற சொல்லை நின்டெண்டோவே சத்தமின்றி நீக்கிவிட்டது.

எங்கள் கரைக்கு அந்த முத்திரை வந்து சேராததற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. ஜப்பானிய ஃபமிகொமில் பூட்டுச் சில்லு இல்லை. தைவானிலும் பின்னர் சீனத்திலும் பிறந்த நகல் பெட்டிகள் அந்தப் பூட்டில்லாத அமைப்பையே, 60 ஊசிக் கசட்டோடு, அப்படியே பின்பற்றின. ரஷ்யாவில் அது 'டெண்டி' ஆயிற்று. எங்கள் ஊரில் 'ரி.வி. கேம்' ஆயிற்று. சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் கட்டாரிலிருந்தும் விடுமுறையில் வந்த வாப்பாமாரின் பயணப் பெட்டிகளிலும், கொழும்பு புறக்கோட்டைச் சரக்கோடும் அவை வந்தன.

பல விளையாட்டுகளை ஒரே கசட்டில் அடைப்பவர்கள் சிறியவற்றையே தேடினர். 'சூப்பர் மாரியோ' முழுவதும் 40 கிலோபைட். தாங்கி ஓட்டும் 'பேட்டில் சிட்டி' 24 கிலோபைட். ஜப்பானில் 1988இல் வெளிவந்து கடைவாசலில் பெருங்கூட்டத்தை வரிசையில் நிறுத்திய 'டிராகன் குவெஸ்ட் 3' போன்றவை அளவில் பெரியவை, ஜப்பானிய எழுத்து நிரம்பியவை, விட்ட இடத்தைச் சேமிக்கக் கசட்டுக்குள் தனி மின்கலம் கேட்பவை. அவை எங்களிடம் வரவில்லை. வந்திருந்தாலும் வாசிக்க முடியாமல் மூலையில் கிடந்திருக்கும். இடம் போதாமையால் நிகழ்ந்த அந்தத் தேர்வு, தற்செயலாக, மொழி தேவைப்படாதவற்றையும் இருவர் சேர்ந்து ஆடக்கூடியவற்றையும் எங்களிடம் சேர்த்தது.

அவற்றுள் 'பேட்டில் சிட்டி'யைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். நம்கோ நிறுவனம் 1985இல் ஃபமிகொமுக்காக வெளியிட்டது. செங்கல் சுவருக்குள் ஒரு கழுகுச் சின்னம். அதை எதிரித் தாங்கிகளிடமிருந்து காக்க வேண்டும். 35 கட்டங்கள். இருவர் ஒரே நேரத்தில், ஒரே பக்கத்தில் நின்று ஆடலாம். சுவரையும் நீரையும் தாமே அடுக்கித் தமக்கான களத்தையும் அமைத்துக்கொள்ளலாம். அமெரிக்க நின்டெண்டோ பெட்டிக்கு அது வெளியிடப்படவே இல்லை. ஆகவே அங்குள்ள இதழ்கள் அதற்குப் புள்ளியிடும் தேவையும் எழவில்லை. மொஸ்கோவிலிருந்து கல்முனை வரை நகல் பெட்டி போன இடமெல்லாம் அது முதல் வரிசையில் இருந்தது. எனக்கு அப்போது விளையாடும் வயது கடந்திருந்தது. தம்பிமாரும் அயல் வீட்டுப் பொடியன்களும் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். அண்ணன் முன்னேறித் தாக்க, தம்பி கழுகருகே காவல் நிற்பான். தோற்றால் சண்டை, அடுத்த நிமிடம் சமாதானம். 'நல்ல கேம்' என்பதற்கு அவர்கள் கொடுத்த முதல் வரைவிலக்கணம், வீட்டிலுள்ள இரண்டாவது பிள்ளையை அழ வைக்காதது என்பதே.

அந்த ஆண்டுகள் எத்தகையவை என்பதை வெளிநாட்டில் வளர்ந்த வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. புலிகள் கல்முனை உட்படக் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைக் கைப்பற்றிச் சரணடைந்த பொலிஸாரைக் கொன்றனர். அதே மாதத்தில் கல்முனைத் தமிழர்கள் இராணுவத்தின் கையில் பேரிழப்பைக் கண்டனர். ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. மறுநாள் இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டனர். குவைத்திலிருந்து வரும் காசும் நின்றது, ஊரில் இரவும் நின்றது. மஃரிபுக்குப் பின்னர் பிள்ளைகள் வாசல் தாண்டவில்லை. மின்சாரம் வந்தால் வரும்.

இருட்டில் கையடக்க விளையாட்டின் தரத்துக்கு வேறோர் அளவுகோல் தோன்றியது. உலக இதழ்கள் அதே காலத்தில் இதே கேள்வியில் தடுமாறியது வேடிக்கைதான். நின்டெண்டோவின் கேம்பாய் 1989 ஏப்ரலில் வந்தது. பச்சை கலந்த திரையில் நான்கு சாயல்கள் மட்டும், உள்ளொளி கிடையாது. அட்டாரியின் லிங்ஸும் சேகாவின் கேம் கியரும் நிறத்திரையும் உள்ளொளியும் கொண்டவை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேம்பாய் ஏழை வீட்டுப் பிள்ளை. ஆனால் கேம் கியர் ஆறு பற்றரிகளை மூன்று முதல் ஐந்து மணித்தியாலத்தில் தின்று தீர்த்தது. கேம்பாய் நான்கு பற்றரியில் பத்து மணித்தியாலத்துக்கும் மேலாக ஓடியது. அதை உருவாக்கிய குன்பெய் யொகொய், பழகி மலிந்துபோன தொழில்நுட்பத்துக்குப் புதுப் பயன் காண்பதே வழி என்று நம்பியவர். 1965இல் சீட்டு அச்சிடும் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்காக நின்டெண்டோவில் சேர்ந்தவர். கேம்பாயும் அதன் நிறப் பதிப்பும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன. கேம் கியர் ஒரு கோடியைச் சற்றே தாண்டியது.

அசல் கேம்பாய் எங்கள் பக்கத்தில் அபூர்வம். பரவலாக வந்தது பெயரில்லாச் சீனத்துப் 'பிரிக் கேம்'. அகலத்தில் பத்து, உயரத்தில் இருபது, ஆக 200 கட்டங்கள். சோவியத் நிரலாளர் அலெக்ஸி பஜித்நொவ் 1984இல் ஆக்கிய 'டெட்ரிஸ்' அதற்குள். அதன் முகப்பிலும் '9999 இன் 1' என்ற பொய் இருந்தது. இருந்தும் இரண்டு சிறு பற்றரியில் கிழமைக் கணக்கில் ஓடியது. விளக்கில்லாத இரவுகளில், வேறெந்தப் புள்ளியும் அந்தப் பண்புக்கு ஈடாகவில்லை. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது, அதற்கு ஒரு மாதம் முன்னர் வெளியான 'ஸ்டீம் டெக்' என்ற கையடக்கப் பெட்டியைப் பற்றி உலக விமர்சகர்கள் முதலில் முறையிட்டது பற்றரி சீக்கிரம் தீர்கிறது என்பதையே. முப்பது வருடம் பிந்தி எங்கள் வழிக்கு வந்தார்கள் என்று சிரித்துக்கொண்டேன்.

இனிப் புள்ளிகளுக்கு வருவோம். ஜப்பானின் 'ஃபமித்சு' இதழ் 1986இல் தொடங்கியது. நான்கு விமர்சகர்கள், ஒவ்வொருவரிடமும் பத்துப் புள்ளி, மொத்தம் நாற்பது. நால்வர் என்பதால் ஒருவரின் சாய்வை மற்றவர் ஈடுசெய்வார் என்பது நம்பிக்கை. பன்னிரண்டு ஆண்டுகள் எவருக்கும் முழுப்புள்ளி கிடைக்கவில்லை. 1998 நவம்பரில் வெளியான 'செல்டா: ஒக்கரினா ஒஃப் டைம்' முதன்முறையாக நாற்பதுக்கு நாற்பது பெற்றது. விளையாட்டாக அது அதற்கு முழுத் தகுதியானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதன் நெருப்புக் கோயில் என்ற பகுதியில் பின்னணி இசையோடு ஒரு குரல் எழும். வணிக ஒலித்தொகுப்பொன்றிலிருந்து எடுத்துச் செருகப்பட்ட இஸ்லாமிய ஓதற் குரல் அது. மதச் சின்னங்களை விளையாட்டுகளிலிருந்து களைவதில் கடும் கண்டிப்பாக இருந்த அதே நின்டெண்டோவின் முத்திரை அதன்மீதும் இருந்தது. பின்வந்த பதிப்பில் அக்குரல் நீக்கப்பட்டு வேறு கோஷ்டிக் குரல் இடப்பட்டது. பிறையும் நட்சத்திரமும் கொண்ட சின்னமொன்றும் பிற்பாடு மாற்றப்பட்டது. நால்வரும் காது கொடுத்துத்தான் கேட்டிருப்பார்கள். அவர்களுக்கு அது 'மர்மமான சூழல்'. ஐந்து வேளை பாங்கு கேட்டு வளரும் மருதமுனைப் பிள்ளைக்கு அது மர்மம் அல்ல, அடுப்படியிலிருந்து உம்மா எட்டிப் பார்த்து, "என்னடா அது, ஓதுற சத்தம்?" என்று கேட்டிருப்பார்.

விமர்சகர் பார்ப்பது ஆட்டத்தின் அமைப்பை மட்டுமே, மற்றது அவர் வேலையல்ல என்று சிலர் வாதிடுவர். முற்றாக மறுக்க மாட்டேன். ஆனால் புள்ளி பிறகு எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். 2001இல் தொடங்கிய மெட்டாக்ரிட்டிக் தளம் எல்லாப் புள்ளிகளையும் கூட்டிச் சராசரியாக்கியது. 2010இல் வெளியான 'ஃபோல்அவுட்: நியூ வேகஸ்' ஆக்கிய ஒப்சிடியன் நிறுவனத்துக்கு, சராசரி 85ஐத் தொட்டால் மேலதிகக் கொடுப்பனவு என்பது ஒப்பந்தம். கிடைத்தது 84. காசு போயிற்று. ஆட்டத்தின் அமைப்பைப் பற்றிய ஓர் அபிப்பிராயம், தொழிலாளியின் சம்பளம் ஆகும்போது அதற்கு இருக்கும் அதிகாரம் சிறியதல்ல.

2002இல் மைக்ரோசொஃப்ட் தன் எக்ஸ்பொக்ஸ் பெட்டிக்கு வெளியிட்ட 'ககுடோ சோஜின்' என்ற சண்டை விளையாட்டு விமர்சகர்களிடம் குறைந்த புள்ளியே பெற்றது. அதன் பின்னணியில் குர்ஆன் ஓதல் கலந்திருந்தது. சவூதி அரேபியாவின் ஆட்சேபத்தைத் தொடர்ந்து 2003 பெப்ரவரியில் கடைகளிலிருந்து மீளப் பெறப்பட்டது. உயர்ந்த புள்ளியும் தாழ்ந்த புள்ளியும் ஒரே இடத்தில் செவிடாக இருந்தன.

2008 ஒக்டோபரில் சோனியின் பிளேஸ்டேஷன் 3க்கு 'லிட்டில் பிக் பிளானட்' வெளிவர இருந்தது. பிரித்தானியாவின் 'எட்ஜ்' இதழ் அதற்குப் பத்துக்குப் பத்து வழங்கியது. உலக இதழ்கள் பலவும் அதைக் கொண்டாடின. அதிலிருந்த பாடலொன்று மாலி நாட்டின் கோரா இசைக் கலைஞர் துமானி ஜபாத்தேயுடையது. அதில் குர்ஆனின் இரு வசனத் துணுக்குகள் இடம்பெற்றிருந்தன. ஒன்று மரணம் பற்றியது. மையித்து வீட்டு ஓதலிலும் மரண அறிவித்தலிலும் எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குக்கூடப் பழகிய வசனம். ஜபாத்தே தாமே பக்தியுள்ள முஸ்லிம். தம் நாட்டின் இசை மரபில் இது வழமையே என்று அவர் கருதினார். அவர் பிழை, அவர் சரி என்று நான் தீர்ப்பளிக்க வரவில்லை. மாலியின் செவியும் கல்முனையின் செவியும்கூட ஒன்றல்ல. ஆனால் வெளியீட்டுக்கு முன்னரே வட்டைக் கையில் வைத்திருந்த விமர்சகர் எவரும் அங்கே ஒரு கேள்வி இருப்பதைக் கவனிக்கவில்லை. கவனித்தவர் சாதாரண முஸ்லிம் விளையாட்டாளர் ஒருவர். அவர் சோனிக்குப் பகிரங்க மடல் எழுதினார். கேட்டது கொஞ்சமே: பாடலை இணையவழித் திருத்தத்தால் நீக்குங்கள், இனி அச்சிடும் வட்டுகளில் அது இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோனி உலகம் முழுவதும் வெளியீட்டை நிறுத்தி, அனுப்பிய வட்டுகளைத் திருப்பி அழைத்தது. ஒக்டோபர் கடைசியில் விளையாட்டு அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது அந்தப் பாடல் அங்கேயே இருந்தது, குரல் இல்லாமல், வெறும் இசையாக. புள்ளிகளில் எந்த மாற்றமும் இல்லை.