மூடிய கதவும் மூன்றறை இதயமும்

மாட் அபட் (1869–1940) மொன்றியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1890இல் இளங்கலைப் பட்டம் பெற்றவர். ஆயினும் பெண் என்பதால் அங்கே மருத்துவம் பயில இடம் மறுக்கப்பட்டது. பிஷப்ஸ் கல்லூரியில் பயின்று 1894இல் மருத்துவரானார்.

மறுத்த அதே மெக்கில், 1898இல் தன் மருத்துவ அருங்காட்சியகத்தில் அவரைப் பணியமர்த்தியது. குடுவைகளில் பதப்படுத்திய உறுப்புகளே அவருக்கு வாய்த்த உலகம். அவற்றுள் ஒன்று, மூன்றே அறைகள் கொண்ட இதயம். ஆண்ட்ரூ ஹோம்ஸ் 1824இல் விவரித்த இதயமே அது என்பதை வில்லியம் ஆஸ்லர் வழியே அறிந்தார். அங்கே தொடங்கியது வாழ்நாள் தேடல்.

ஆஸ்லர் தொகுத்த மருத்துவ நூலுக்காக 412 பிறவி இதயக் குறைகளை ஆராய்ந்து அவர் எழுதிய இயல் 1908இல் வெளிவந்தது. 1936இல் வந்த அவரது படத்தொகுப்பு நூலில் அவ்வெண்ணிக்கை ஆயிரமாயிற்று. இறந்தபின் அறுத்துப் பார்த்து வியக்கும் விந்தையாக இருந்ததை, உயிரோடிருக்கையிலேயே இனங்காணத்தக்க நோயாக்கியது அந்த வகைப்பாடு. பால்டிமோரில் நீலம் பாரித்த குழந்தைகளைக் கவனித்து வந்த ஹெலன் டாசிக்குக்கு அவ்வறிவு துணைநின்றது. 1944இல் அங்கே அக்குழந்தைகளுக்கான அறுவை மருத்துவம் பிறந்தது. அதைக் காண அபட் இல்லை.

மெக்கில் 1910இல் அவருக்கு மதிப்புறு மருத்துவப் பட்டம் வழங்கியது. உதவிப் பேராசிரியர் பதவிக்கு மேல் உயர்த்தவில்லை. மெக்சிகோவின் இதயவியல் நிறுவனத்திற்காக டியேகோ ரிவேரா தீட்டிய சுவரோவியத்தில், இதய மருத்துவ முன்னோடிகளிடையே இடம்பெற்ற ஒரே பெண் அவர்தான். சொந்தப் பல்கலைக்கழகம் தரத் தயங்கிய இருக்கையை அயல்நாட்டு ஓவியன் தந்தான் என்பதை வரலாற்றின் நீதி என்பதா, நகைமுரண் என்பதா?